பெருந்தொற்று வந்தால் மருத்துவமனை நுண்ணுயிரியல் லேப் என்ன செய்ய வேண்டும்: மாதிரிக் குச்சியில் இருந்து ஃப்ரீசர் வரை

2020 ஜனவரியில் இந்தியா முழுவதற்கும் கொரோனா வைரஸைச் சோதிக்க ஒரே ஒரு லேப்தான் இருந்தது: புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம். வூஹானில் இருந்து திருச்சூர் திரும்பிய ஒரு மாணவிதான் நாட்டின் முதல் நோயாளி. ஜனவரி 30 அன்று அது உறுதியானது. மார்ச் 7-ல் தமிழ்நாட்டின் முதல் நோயாளி. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டில் சோதனை செய்யும் லேப்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன.

இந்த லேப்கள் எல்லாம் புதிதாக முளைத்தவை அல்ல. அதுவரை யூரின் கல்ச்சரும், டைபாய்டுக்கான வைடால் டெஸ்ட்டும், சளிப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டிருந்த நுண்ணுயிரியல் துறைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் மூலக்கூறு லேப்களாக, அதாவது கிருமியின் மரபணுவைத் தேடும் லேப்களாக மாறின. நான் வேலை பார்த்த துறையும் அப்படி மாறியதுதான். அப்போது எங்களுக்கு வந்த உதவி எல்லாம் மெஷினாக வந்தது. "மெஷின் வந்துவிட்டதா? எப்போது ஆரம்பிக்கிறீர்கள்?" என்பதுதான் மேலே இருந்து வந்த ஒரே கேள்வி. ஆனால் எங்கள் தவறுகளில் ஒன்றுகூட மெஷினில் நடக்கவில்லை. பெரும்பாலும் மாதிரி லேபுக்கு வருவதற்கு முன்பு நடந்தது, அல்லது ரிப்போர்ட் லேபை விட்டுப் போன பிறகு நடந்தது.

அதனால் இந்த வழிகாட்டியை மெஷினுக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைச் சுற்றியே எழுதுகிறேன். மாவட்ட மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ நுண்ணுயிரியல் துறையில் இருப்பவர்களுக்கும், அந்த லேபை நம்பி முடிவெடுக்க வேண்டிய நிர்வாகிகளுக்கும் இது. உதாரணங்கள் பெரும்பாலும் கோவிடில் இருந்து. அடுத்து வருவது வேறு கிருமியாக இருந்தாலும் வேலையின் வரிசை அதிகம் மாறாது.

படி 1: தொற்று வருவதற்கு முன்பே வார்டோடு பேசப் பழகுங்கள்

2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மூளைக்காய்ச்சலோடு ஓர் இளைஞர் வந்தார். அவர் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் அதேபோல இறந்திருந்தார். அங்கிருந்த டாக்டர்களுக்கு இது வழக்கமான மூளைக்காய்ச்சல் இல்லை என்று பட்டது. மாதிரிகளை மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். நிபா என்று தெரிந்தது, புனே உறுதிசெய்தது. கேரளாவில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ், இரண்டாவது நோயாளியிலேயே பிடிபட்டது. லேபில் திறமை இருந்தது உண்மை. அதற்கும் முன்னால், "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்ல ஒரு டாக்டரும், யாருக்கு அனுப்புவது என்ற தெளிவும் இருந்தன.

உங்கள் மருத்துவமனையில் அந்தத் தொடர்பு இருக்கிறதா? ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்குக் காரணம் தெரியாத நிமோனியா, ஐசியூவில் வேலை பார்க்கும் நர்ஸுக்கும் அதே காய்ச்சல், பயணம் போய் வந்தவருக்குக் கடும் மூச்சுத்திணறல். இப்படிப்பட்டவற்றைக் கண்டால் உடனே லேபைக் கூப்பிட வேண்டும் என்று வார்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூப்பிட ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும், இரவு 2 மணிக்கும் அதை எடுக்க ஆள் இருக்க வேண்டும். அடுத்த கட்ட லேப் எது, மாதிரியை யார் எந்த வண்டியில் கொண்டுபோவார்கள் என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்தான் அந்த அடுத்த கட்டம். 2009 பன்றிக்காய்ச்சலின்போதும் சரி, 2020-ன் தொடக்கத்திலும் சரி, மாதிரிகள் அங்கேதான் போயின.

இன்னொன்று. பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை, செய்யத் தெரிந்த கைகள் சாதாரண நாட்களிலேயே இருக்க வேண்டும். ஃப்ளூவுக்கோ டெங்குவுக்கோ ஹெபடைட்டிஸ் பி-க்கோ வாரத்துக்கு இரண்டு முறை பிசிஆர் ஓட்டும் துறைக்கு, புதிய வைரஸ் வந்தால் கிட் மட்டும்தான் மாறும். ஓட்டாத துறை தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட வேண்டியதுதான்.

படி 2: கிட்டை நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

கோவிட் வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாவது வாரத்தில் வெளியானது. பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையின் கிறிஸ்டியன் டிராஸ்டன் குழு சில நாட்களிலேயே ஒரு பிசிஆர் முறையை வகுத்துக் கொடுத்தது. ஜனவரி 13 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை எல்லாருக்கும் கிடைக்கச் செய்தது. வைரஸ் கையில் இல்லாமலே, எழுத்துகளாக வந்த வரிசையையும் பழைய சார்ஸ் வைரஸ் பற்றிய அனுபவத்தையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

அதே சமயம் அமெரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் சொந்த கிட்டைப் பல மாகாண லேப்களுக்கு அனுப்பியது. பிரித்து ஓட்டிப் பார்த்தால், சோதனை சரியா என்று பார்க்க வைரஸே இல்லாத வெறும் தண்ணீரை வைத்த கண்ட்ரோலிலேயே பாசிட்டிவ் வந்தது. கிட்டின் ஒரு பகுதி கோளாறு. அதைச் சரிசெய்வதற்குள் வாரக்கணக்கில் நேரம் போய்விட்டது. தொற்றும் அந்த வாரங்களில்தான் சத்தமில்லாமல் பரவியது. கோளாறு பெரிதாக இருந்தாலும், அது நோயாளிகளின் ரிப்போர்ட்டாக வெளியே போவதற்கு முன்பே பிடிபட்டது கவனிக்க வேண்டியது. காரணம், அந்த மாகாண லேப்கள் கிட்டை நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் முன் தாங்களே சரிபார்த்தன.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட்களும் (தொற்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடுபவை) இதே பாடம்தான். ஆவலோடு இறக்குமதி செய்தோம். முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக வரவே, மாநிலங்கள் புகார் சொல்ல, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த கிட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது.

எனவே எந்த கிட் வந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், பாசிட்டிவ் என்று ஏற்கெனவே தெரிந்த மாதிரிகள், நெகட்டிவ் என்று தெரிந்த மாதிரிகள் இரண்டையும் முதலில் ஓட்டுங்கள். ஒரு பாசிட்டிவ் மாதிரியைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்கச் செய்து, எதுவரை கிட்டுக்குக் கண் தெரிகிறது என்று பாருங்கள். லாட் நம்பர், அதாவது தயாரிப்புத் தொகுதி எண், மாறினால் மறுபடியும் ஒரு சிறு சரிபார்ப்பு. ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்க வேண்டியது துறைத்தலைவரின் வேலை. வாங்க முடியாவிட்டால் அவர் அந்த நாற்காலியில் இருந்து என்ன பயன்?

படி 3: இடத்தைப் பிரியுங்கள்

பிசிஆர் ஒரே ஒரு மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கும் வித்தை. அந்தக் கோடிகளில் ஒரு துளி திரும்பி வந்து புதிய மாதிரியில் விழுந்தால், நோயே இல்லாதவர் பாசிட்டிவ் ஆகிவிடுவார். எனவே குறைந்தது மூன்று அறை: ரீஏஜென்ட் (சோதனை ரசாயனங்கள்) கலக்கும் சுத்த அறை, மாதிரியைத் திறந்து வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்துச் சேர்க்கும் அறை, மெஷின் ஓடும் அறை. ஆள், கோட், பிப்பெட், பேனா எல்லாம் ஒரே திசையில்தான் போக வேண்டும். மெஷின் அறையில் இருந்து சுத்த அறைக்குத் திரும்பக் கூடாது. எங்களுக்கு மூன்று அறை கிடைக்கவில்லை. ஓர் அறையைத் தடுப்பு போட்டுப் பிரித்தோம். தரையில் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தாண்டினால் கோட் மாற்ற வேண்டும் என்று வைத்தோம். டீனே வந்தாலும் அதுதான் விதி.

மாதிரிப் பாட்டிலைத் திறக்க இரண்டாம் வகை பயோசேஃப்டி கேபினெட் கட்டாயம். இங்கே பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. லேமினார் ஃப்ளோ பெட்டியும் பயோசேஃப்டி கேபினெட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லேமினார் ஃப்ளோ பெட்டி மாதிரியை மட்டும்தான் காப்பாற்றும், வேலை செய்பவரை அல்ல. பல மாடல்களில் காற்று நேராக நம் முகத்தில் அடிக்கும். தொற்றுள்ள மாதிரியை அதில் திறப்பது தன் மூக்கில் தானே ஸ்ப்ரே அடித்துக்கொள்வது போல. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாமல், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள். இது எந்தப் பெட்டி என்று அடையாளம் காண மட்டும்தான். முறையான சான்றிதழுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆளை வரவழைத்தே ஆக வேண்டும்.

வைரஸைக் கல்ச்சரில் வளர்ப்பது மட்டும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு லேப்களின் வேலை. மாவட்ட லேபுக்கு அந்த ஆசையே வேண்டாம்.

படி 4: மாதிரி சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழைகள் இங்கேதான்.

குச்சி எது என்பதில் இருந்தே ஆரம்பிக்கலாம். டேக்ரான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை நுனியும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதுதான் வேண்டும். பஞ்சு நுனியும் மரத்தண்டும் உள்ள குச்சி வேண்டாம், அவற்றில் உள்ள பொருட்கள் பிசிஆரைத் தடுக்கக்கூடும். 2020 வசந்தத்தில் உலகம் முழுக்கக் குச்சித் தட்டுப்பாடு வந்தது. தரமான குச்சிகளைச் செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலை இத்தாலியின் லொம்பார்டியில், அதாவது தொற்று கொழுந்துவிட்டு எரிந்த அதே பகுதியில் இருந்தது. குச்சி போன்ற அற்பப் பொருளுக்கும் இரண்டு சப்ளையர் வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அடுத்து, எவ்வளவு ஆழம். மூக்கின் பின்பக்கச் சுவர் வரை போக வேண்டும். மேல்நோக்கி அல்ல, அண்ணத்துக்கு இணையாக. தொட்டதும் சில விநாடி வைத்திருந்து மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். நோயாளி கண்ணில் தண்ணீர் விடாமல் எடுத்த மாதிரியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நம் ஊரில் மூக்குக் குச்சியையும் தொண்டைக் குச்சியையும் ஒரே பாட்டிலில் போடுவது வழக்கம், அது நல்லதுதான்.

மாதிரி எடுக்கும் வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் எடுத்தார்கள். கூட்டம் ஏற ஏற, இரண்டு நாள் பயிற்சியோடு பலர் வந்தார்கள். ஒரு முகாமில் இருந்து வரும் மாதிரிகள் மட்டும் தொடர்ந்து நெகட்டிவாக வந்ததை எங்கள் டெக்னீஷியன் ஒருவர்தான் கவனித்தார். அவர் சந்தேகப்பட்டுப் பார்த்தது இன்டர்னல் கண்ட்ரோலை. மனித செல்லில் உள்ள ஆர்என்ஏஸ் பி என்ற ஜீனை கிட் கூடவே தேடும். குச்சியில் மனித செல் இருந்தால் அது எழும்ப வேண்டும். அந்த முகாம் மாதிரிகளில் அது மிகத் தாமதமாக எழும்பியது, சிலவற்றில் எழும்பவே இல்லை. குச்சி மூக்கு நுனியைத் தாண்டவில்லை என்று அர்த்தம். அன்றில் இருந்து முகாம் வாரியாக இன்டர்னல் கண்ட்ரோலைப் பார்ப்பது எங்கள் தினசரி வேலை ஆனது. நீங்கள் முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள்.

பாட்டிலில் பெயர், அடையாள எண், தேதி. படிவத்திலும் அதே. கோவிட் காலத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் எஸ்ஆர்எஃப் எண், அதாவது மாதிரிப் படிவத்தின் எண், வந்தது. அது பாட்டிலோடு ஒத்துப்போகாத நாட்களில் லேபின் காலைப்பொழுது முழுக்க போன் பேசுவதிலேயே போகும். தெருமுனையில், வெயிலில், கையுறை போட்ட கையால் ஸ்டிக்கரில் எழுதுவது எளிதல்ல. முன்பே அச்சடித்த பார்கோடு கொடுப்பதுதான் வழி.

பிறகு மூன்றடுக்கு பேக்கிங்: பாட்டில், அதைச் சுற்றி உறிஞ்சும் பொருளோடு கசியாத உறை, அதற்கு வெளியே உறுதியான பெட்டி. சொட்டு மருந்து முகாம்களில் பார்த்திருப்போமே, அந்த வேக்சின் கேரியரும் ஐஸ் பேக்கும் இதற்கு அருமையாகப் பொருந்தும். 2 முதல் 8 டிகிரியில் ஐந்து நாள் வரை தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டும் என்றால் மைனஸ் 70. படிவத்தைப் பாட்டிலோடு சுற்றி அனுப்பாதீர்கள். கசிந்தால் தாளும் தொற்றுப்பொருள்தான்.

படி 5: லேபுக்கு உள்ளே

96 குழி உள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு குழி கண்ட்ரோலுக்கு, ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். மீதி 94 நோயாளிகளுக்கு. எந்தக் குழியில் யார் என்ற வரைபடத்தை ஒருவர் எழுத, இன்னொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு வரிசை தள்ளிப் போனால் எட்டு பேரின் ரிப்போர்ட் எட்டு பேருக்கு மாறிவிடும். பாசிட்டிவ் கண்ட்ரோலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், நெகட்டிவ் கண்ட்ரோலை ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கட்டத்தில் இருந்தே கூட்டிக்கொண்டு வாருங்கள். மெஷினில் ஏற்றும்போது மட்டும் தண்ணீர் வைத்தால், அதற்கு முந்தைய கட்டத்தில் கலந்த அசுத்தம் தெரியாமலே போகும்.

மாதிரி லைசிஸ் பஃபரில், அதாவது வைரஸை உடைக்கும் கரைசலில், விழுந்ததும் வைரஸ் செயலிழக்கும். அந்த பஃபரில் குவானிடின் தயோசயனேட் இருக்கும். லேப் முழுக்க நாம் துடைக்கும் ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச்சிங் கரைசல், அதோடு சேர்ந்தால் சயனைடு உள்ளிட்ட நச்சு வாயு வரும். லைசிஸ் கழிவுக்குத் தனி ஜாடி வையுங்கள், அதில் ஹைப்போகுளோரைட் ஊற்றாதீர்கள். சிந்தினால் முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு அப்புறம் ஹைப்போ. இரவு ஷிப்டுக்குப் புதிதாக வருபவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

மெஷின் முடிந்ததும் திரையில் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று வரும். அதை மட்டும் பார்த்து ரிப்போர்ட் அடிக்காதீர்கள். வளைவைத் திறந்து பாருங்கள். உண்மையான பாசிட்டிவ் கிடந்து, எழுந்து, மேலே போய்ச் சமமாகும், சாய்ந்த எஸ் வடிவில். கோடு மெல்ல மெல்லச் சாய்ந்தபடி பாசிட்டிவ் என்பதற்கான எல்லைக்கோட்டை நூலளவு தாண்டியிருந்தால், பெரும்பாலும் அது உண்மையான சமிக்ஞை அல்ல, பின்னணி இரைச்சல். பக்கத்துக் குழியில் மிக வலுவான பாசிட்டிவ் இருந்து, இதில் 36, 37-வது சுற்றில் பலவீனமாக வந்திருந்தால் தெறிப்பு என்று சந்தேகப்பட்டு, மூல மாதிரியில் இருந்து மறுபடி ஓட்டுங்கள்.

நெகட்டிவ் கண்ட்ரோல் எழும்பினால்? முழுத் தட்டும் செல்லாது. 94 பேர் காத்திருக்கிறார்கள், கலெக்டர் அலுவலகத்தில் இருந்து போன் வருகிறது, இருந்தாலும் செல்லாது. எங்களுக்கு ஒருமுறை இது நடந்தது. மாலைக்குள் முடிக்கும் அவசரத்தில் ஒருவர் மெஷின் அறையில் தட்டைத் திறந்துவிட்டார். அதன் பிறகு மூன்று நாள் துடைப்பதும் ரீஏஜென்ட்டைத் தூக்கிப் போடுவதுமாக இருந்தோம். ஓட்டி முடித்த தட்டை எந்தக் காரணத்துக்கும் திறக்காமல், பையில் கட்டி எறியுங்கள்.

சிடி வேல்யூ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை தெரிந்தது என்பதுதான் அது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாவதால், ஏறக்குறைய 3.3 சுற்று வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வித்தியாசம். 20 என்றால் நிறைய வைரஸ், 34 என்றால் சொற்பம். ஆனால் அது குச்சியில் வந்த அளவு, உடம்பில் உள்ள அளவு அல்ல. கிட்டுக்கு கிட் மாறும், எடுத்த ஆளின் கைக்கும் மாறும். 2021-ல் மக்கள் சிடி வேல்யூவை சர்க்கரை அளவு மாதிரி வாட்ஸப்பில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 28 என்றதும் நிம்மதியாக வீட்டிலேயே இருந்துவிட்டு, மூச்சு முட்டிய பிறகு வந்தவர்களும் உண்டு. டாக்டர் கேட்டால் சொல்லுங்கள், விளக்கத்தோடு.

படி 6: யாருக்கு எந்தச் சோதனை

எல்லாருக்கும் ஒரே டெஸ்ட் என்று போனால் லேப் மூச்சுத் திணறிவிடும். பிரசவ வலியோடு வந்தவர், அவசர அறுவை சிகிச்சை, ஐசியூ படுக்கைக்குக் காத்திருப்பவர்: இவர்களுக்கு ஓரிரு மணி நேரத்தில் பதில் வேண்டும். காசநோய்க்காக மாவட்டங்களில் ஏற்கெனவே இருந்த ஜீன்எக்ஸ்பர்ட், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் ஆகிய சிறு பிசிஆர் மெஷின்கள் இதற்குத்தான் கைகொடுத்தன. பெரும் எண்ணிக்கைக்கு வழக்கமான ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் பிசிஆர்).

வைரஸின் புரதத்தை நேரடியாகத் தேடும் ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு 2020 ஜூனில் அனுமதி வந்தது. கால் மணி, அரை மணி நேரத்தில் முடிவு. அதில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் பிசிஆர் செய்தே ஆக வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், பல மாநிலங்களில் இரண்டாவது பாதி காற்றில் போனது. தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டு நின்றது. லேப்களுக்கு அது பெரும் சுமை. ஆனாலும் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு பூலிங். ஐந்து பேரின் மாதிரியைக் கலந்து ஒரே டெஸ்ட். நெகட்டிவ் என்றால் ஐவரும் நெகட்டிவ், பாசிட்டிவ் என்றால் ஐவரையும் தனித்தனியே. 2020 ஏப்ரலில் இதற்கு அனுமதி தந்தபோது, பாசிட்டிவ் விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள பகுதிகளில்தான் என்றும், 5 சதவீதத்துக்கு மேல் கூடவே கூடாது என்றும் சொன்னார்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒருவருக்குத் தொற்று என்றால் 100 பேருக்குச் சுமார் 25 டெஸ்ட் போதும். நூற்றில் பத்து என்றால் 61 ஆகிவிடும். முப்பது என்றால் 103, அதாவது தனித்தனியே செய்வதை விட அதிகம். கூடவே, ஐந்தில் ஒன்றாக நீர்ப்பதால் சிடி இரண்டு சுற்றுக்கு மேல் பின்தள்ளும், விளிம்பில் உள்ளவர் தவறிப்போவார். ஆகவே விகிதத்தை தினமும் பாருங்கள். ஏறத் தொடங்கியதும் பூலிங்கை நிறுத்துங்கள். கிட் குறைவாக இருக்கிறது என்பதற்காக அலை ஏறும்போது பூல் செய்வது கிட்டையும் நாளையும் சேர்த்து வீணடிக்கும்.

படி 7: ரிப்போர்ட்

நான்காம் நாள் வரும் சரியான ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லை. அதற்குள் அவர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருப்பார். லேபுக்குள் மாதிரி நுழைந்த நேரத்தை மட்டும் கணக்கெடுக்காதீர்கள், மூக்கில் குச்சி விட்ட நேரத்தில் இருந்து போனில் செய்தி போன நேரம் வரை அளந்து பாருங்கள். எங்களுக்கு அளந்தபோது, பிசிஆர் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். முகாமில் மாலை வரை பெட்டி நிரம்பக் காத்திருந்ததும், போர்ட்டலில் பெயர் ஏற்றுவதும்தான் நேரத்தைத் தின்றன. இன்னொரு மெஷின் கேட்பதற்குப் பதில் மதியம் ஒரு வண்டியும், இரண்டு டேட்டா என்ட்ரி ஆட்களும் கேட்டு வாங்கினோம்.

'முடிவு தெளிவில்லை' என்று எழுதத் தயங்காதீர்கள். ஒரு ஜீன் எழும்பி இன்னொன்று எழும்பாவிட்டால், இன்டர்னல் கண்ட்ரோல் தோற்றால், மறுமாதிரி கேளுங்கள். நெகட்டிவ் ரிப்போர்ட்டிலும், அறிகுறி இருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்ற ஒரு வரி இருக்கட்டும். சிடி ஸ்கேனில் நுரையீரல் வெளுத்திருக்க, பிசிஆர் நெகட்டிவ் என்று படுக்கை மறுக்கப்பட்ட கதைகள் நிறைய.

படி 8: மிச்சத்தை எறியாதீர்கள்

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் ஒரு லேப், தன் பிசிஆரில் எஸ் ஜீன் (வைரஸின் முள் புரதத்துக்கானது) மட்டும் எழும்பாமல் மற்ற ஜீன்கள் நன்றாக எழும்புவதைக் கவனித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனில் ஆல்பா என்ற உருமாறிய வைரஸ் வந்தபோதும் இதே அடையாளம் இருந்தது. எஸ் ஜீனில் இரண்டு அமினோ அமிலத்துக்கான எழுத்துகள் காணாமல் போனதால், கிட்டின் அந்தக் கொக்கி மாட்டவில்லை. சாதாரண லேப் இதை 'கிட் கோளாறு' என்று ஒதுக்கியிருக்கும். அவர்கள் மாதிரிகளை வரிசைப்படுத்த, அதாவது முழு மரபணு வரிசையைப் படிக்க, கொடுத்தார்கள். நவம்பர் 24-ல் உலக சுகாதார நிறுவனத்துக்குச் செய்தி போனது, 26-ல் ஒமைக்ரான் என்று பெயர் வந்துவிட்டது.

ஆகவே பாசிட்டிவ் மாதிரிகளில் ஒரு பகுதியை மைனஸ் 80-ல் சேமியுங்கள்: தடுப்பூசி போட்ட பிறகும் தீவிரமாக நோய் வந்தவர், இரண்டாம் முறை பாதிக்கப்பட்டவர், வெளிநாட்டுப் பயணி, திடீரென்று ஒரே இடத்தில் குவிந்த தொற்று, ஜீன்கள் விசித்திரமாக எழும்பியவை. வரிசைப்படுத்த வலுவான மாதிரி வேண்டும், சிடி 25-க்குக் கீழே இருந்தால் நல்லது. இந்தியாவில் இதற்காக 2020 டிசம்பரில் இன்சாகாக் என்ற மரபணு வரிசை லேப்களின் கூட்டமைப்பு உருவானது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் சென்னையில் சொந்த மரபணு வரிசை லேபைத் திறந்தது. மாவட்ட லேபின் பங்கு சரியான மாதிரியை, நோயாளியின் விவரத்தோடு, உறைந்த நிலையில் அனுப்புவது. விவரம் இல்லாத மாதிரியால் வரிசை கிடைக்கும், செய்தி கிடைக்காது.

படி 9: பழைய வேலை நின்றுவிடக் கூடாது

2019-ல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-ல் 18 லட்சம். காசநோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. ஊரடங்கு ஒரு காரணம். ஆளும் மெஷினும் கோவிடுக்கு இழுக்கப்பட்டது இன்னொரு காரணம். பெருந்தொற்றுத் திட்டம் எழுதும்போதே, எந்த ஆட்கள், எந்த மெஷின்கள் காசநோய், டெங்கு, பிளட் கல்ச்சர் வேலையை விட்டு நகரக் கூடாது என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.

பிளட் கல்ச்சரை ஏன் சொல்கிறேன் என்றால், ஐசியூவில் வைரஸிடம் தப்பித்தவர் வெண்டிலேட்டரில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற மருத்துவமனை பாக்டீரியாக்களிடம் மாட்டிக்கொள்வார். கோவிட் காலத்தில் ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீராக ஊற்றினார்கள். கல்ச்சர் அனுப்பாமல் ஊகத்தில் ஊற்றினார்கள். வாரம் ஒருமுறை ஐசியூ டாக்டர்களோடு உட்கார்ந்து, இந்த வாரம் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்று அரை மணி நேரம் பேசினால் அந்த வார்டின் மருந்துச்சீட்டே மாறும்.

2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை வந்தபோது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஸ்டீராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, மூக்கடைப்பு, கன்னத்தில் வலி, கண் வீக்கம். அறுவை அரங்கில் இருந்து திசு வந்தால் பிசிஆர் மெஷின் எதற்கும் உதவாது. ஒரு கண்ணாடித்துண்டு, ஒரு சொட்டு கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல், மைக்ராஸ்கோப், பார்க்கத் தெரிந்த கண். அகலமான, நாடா போன்ற, தடுப்புச் சுவர் அதிகம் இல்லாத இழைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைத்திருந்தால் அது மியூக்கர், அதாவது கருப்புப் பூஞ்சை. மெல்லிய, அடுக்கடுக்காகத் தடுப்புள்ள, கூர்ங்கோணத்தில் கிளைக்கும் இழை ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை. வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை: ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகொனசோல் மியூக்கருக்கு வேலை செய்யாது, அதற்கு ஆம்போடெரிசின் வேண்டும். ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கல்ச்சருக்குப் போடும்போது திசுவை அரைக்காதீர்கள், கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். இந்தப் பூஞ்சையின் இழை மெத்தென்றது. அரைத்தால் செத்துவிடும், கல்ச்சர் நெகட்டிவாக வரும். இதெல்லாம் பழைய பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. அந்த மே மாதம் வரை இளையவர்களில் பலர் மியூக்கரை ஸ்லைடில் பார்த்ததே இல்லை.

படி 10: ஆட்கள்

மெஷின் 24 மணி நேரமும் ஓடும், மனிதர் ஓட மாட்டார். முழு உடைக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஏசி நின்றுவிட்டால் இரண்டு மணி நேரமே அதிகம். பிப்பெட் பிடித்த கை களைத்தால் குழி மாறும். குழுவை இரண்டாகப் பிரித்து ஒன்றையொன்று சந்திக்காதபடி வைத்தால், ஒரு குழுவில் தொற்று வந்தாலும் லேப் மூடாது. லேபில் வந்ததை விட, சாப்பாட்டு அறையில் மாஸ்க்கைக் கழற்றிப் பேசும்போது வந்ததுதான் எங்களில் அதிகம். சம்பளமும் தங்குமிடமும் ஒப்பந்த டெக்னீஷியன்களுக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பாதி வேலையை அவர்கள்தான் செய்தார்கள், அலை முடிந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்கள்தான்.

படி 11: அலை வடிந்த பிறகு

வெளித்தரச் சோதனையை வேலைப்பளு இருக்கும்போதும் விடாமல் செய்யுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவுமாகச் சில மாதிரிகளை மேல்நிலை லேபுக்கு அனுப்பி, முடிவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான். ஒத்துப்போகாத ஒன்றைப் பற்றி வெட்கப்படாமல் துறைக் கூட்டத்தில் பேசுங்கள்.

ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு உரிய இடமும் இதுதான். தனி ஒருவருக்கு இப்போது நோய் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஊரில் எத்தனை பேருக்கு வந்து போனது என்று சொல்லும். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வில், 2021 ஜூன், ஜூலையில் மூன்றில் இரண்டு பேருக்கு ஆன்டிபாடி இருந்தது தெரிந்தது. நாட்டில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டால், லேப்கள் பார்த்தது எவ்வளவு சிறிய பங்கு என்று புரியும்.

மெஷின்களை என்ன செய்வது? துணி போட்டு மூடாதீர்கள். ஹெபடைட்டிஸ் வைரஸ் அளவு, ஹெச்பிவி, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், மூளைக்காய்ச்சல் பேனல் என்று வேலை கொடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதியைச் சுவரில் எழுதுங்கள். அது முடிந்த மறுமாதம்தான் மெஷின் நிற்கும். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று ஒரு முறை மெயினை அணைத்துப் பாருங்கள். உள்ளே எந்தத் தட்டில் எந்த மாதத்து மாதிரி என்ற பட்டியலைக் கதவில் ஒட்டுங்கள். எங்கள் ஃப்ரீசரின் மூன்றாவது தட்டில் 2021 ஏப்ரல் மாதிரிகள் இருக்கின்றன. ஸ்டிக்கரில் மை மங்கத் தொடங்கிவிட்டது, இந்த வாரம் மாற்ற வேண்டும்.